ராங்கிக்கு வைத்த பொட்டு

ஏப்ரல் 6

இந்த நோட்டை என் மகன் வழிப் பேத்தி கயல் கொடுத்தாள். "ஆத்தா, அமெரிக்காவுல பாக்கறதையெல்லாம் ஒண்ணு விடாம எழுதிட்டு வா" என்றாள். நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். ஐந்து வருடமும் நான்தான் முதல் மாணவி. மூலனூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் ஆறாம் வகுப்பு இல்லாமல் போனது பள்ளிக்கூடத்தின் குறை. பாவாத்தாளின் குறை இல்லை.

என் மகள் தமயந்தி நாமக்கல்லில் ஆடு மாடு டாக்டருக்குப் படித்தவள். மேல்படிப்புக்கு அமெரிக்கா வந்தாள். வந்த இடத்தில், வயோமிங் என்ற இந்தச் சீமையில் ஆட்டுப்பண்ணை வைத்திருக்கும் ஒரு பையனைக் கட்டிக்கொண்டாள். நாலு வருடம் ஆயிற்று. கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அப்போது எனக்கு மூட்டு வலி. இப்போது அவளுக்கு எட்டு மாதம், அதனால் வந்திருக்கிறேன். பிரசவம் பார்த்துவிட்டு மே 28 விமானத்தில் திரும்பிவிடுவேன்.

அந்தப் பையன் பெயர் டிராவிஸ். ஒவ்வொரு முறையும் எழுத நீளமாக இருக்கிறது. 'அந்தப் பையன்' என்றே எழுதப்போகிறேன்.

விமான நிலையத்திலிருந்து மூன்று மணி நேரம் காரில் வந்தோம். வழியில் பார்த்த மனிதர்கள் நாலு பேர். ஆடுகளை எண்ண முடியவில்லை.

ஏப்ரல் 7

சம்பந்தியம்மா பெயர் லொரேன். என்னைவிட ஒரு வயது இளையவர், என்னைவிட ஒன்றரை முழம் உயரம். சிரிப்பதில்லை. காலையில் சோபாவைக் காட்டி "சிட்" என்றார். உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர்கள் நாய் ஜிப் உள்ளே வந்தது. அதையும் பார்த்து "சிட்" என்றார். அதுவும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. மதியம்வரை நானும் நாயும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு நாய்க்கு வேலை வந்தது, போய்விட்டது. எனக்கு வரவில்லை.

ஏப்ரல் 8

ஆயிரத்து இருநூறு ஆடு வைத்திருக்கிறார்கள். சாப்பிடுவது மாட்டுக்கறி. இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல? மோர்சாதம் சாப்பிட்டேன்.

அந்தப் பையனுக்குத் தமிழில் ஒரே ஒரு வாக்கியம் தெரியும். "அத்தே, சாப்டீங்களா?" காலையில் கேட்கிறான், மாலையில் கேட்கிறான், குளித்துவிட்டு வெளியே வந்தாலும் கேட்கிறான். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விடுகிறேன்.

ஏப்ரல் 10

சமையலறை ஜன்னலில் இருந்து பார்த்தால் பெரிய தகரக் கொட்டகை தெரிகிறது. ஆடுகள் ஈனுவது அங்கேதான். ஒரு நாளைக்கு இருபது, முப்பது ஈனுகின்றன. சம்பந்தியம்மாவும் அந்தப் பையனும் மாற்றி மாற்றி ஓடுகிறார்கள். என் மகள் ஜன்னலோரம் நின்று வயிற்றைத் தடவிக்கொண்டு பார்க்கிறாள்.

"ஏன் கண்ணு, படிச்ச படிப்பு அதுதானே? போயி ஒரு கை புடிக்கலாமில்ல?"

"மாசமா இருக்கறவ ஆடு ஈனுற எடத்துக்குப் போகக்கூடாதும்மா. அந்த ஈரத்துல இருந்து ஒரு நோவு வரும், வயித்துப் புள்ளைக்கு ஆகாது. டாக்டர் சொல்லிட்டாங்க."

"நீயே டாக்டர்தானே?"

"ஆட்டு டாக்டரும் அதையேதான் சொல்றா."

"அப்ப உன்ற எடத்துல ஆளு?"

"இல்ல. அதுதான் எங்க அத்தை மூணு நாளாத் தூங்கல."

"நான் போறேன்."

"உனக்கு மூட்டு வலியாச்சே?"

"அது வெயிலுக்கு வர்ற வலி. இங்கதான் பனி கொட்டுதே."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் வெளியே பனியைப் பார்த்தேன்.

ஏப்ரல் 11

போனேன். சம்பந்தியம்மா "நோ, நோ" என்றார். பிறகு ஒரு வைக்கோல் கட்டைக் காட்டி "சிட்" என்றார். உட்காரவில்லை. எதிரே ஒரு ஆடு முக்கிக்கொண்டு கிடந்தது. குட்டியின் ஒரு முன்னங்கால் மடங்கி உள்ளேயே மாட்டியிருந்தது. அவர் கை மண்வெட்டி அகலம், உள்ளே போகவில்லை. நான் வளையலைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டு, சேலையைச் செருகிக்கொண்டு, கையை விட்டுக் காலை நிமிர்த்தினேன். குட்டி வழுக்கிக்கொண்டு வந்து விழுந்து தும்மியது.

சம்பந்தியம்மா போய் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எனக்கு இரண்டு அளவு பெரிசு. மூன்று காலுறை போட்டு நிரப்பிக்கொண்டேன்.

இன்று பதினோரு குட்டி. மூட்டு ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 12

இங்கத்து முறை இது. ஈன்ற தாயையும் குட்டியையும் ஒரு சின்னப் பட்டிக்குள் மூன்று நாள் தனியாக வைக்கிறார்கள். ஒன்றையொன்று நன்றாக அறிந்துகொண்ட பிறகு, தாய் முதுகிலும் குட்டி முதுகிலும் ஒரே எண்ணை நீலத்தில் எழுதிப் பெரிய பட்டிக்கு விடுகிறார்கள். ஒரு வாளி நிறைய வண்ணக் கட்டிகள் இருக்கின்றன. நீலம், பச்சை, சிவப்பு.

தகரக் கொட்டகைக்குள் செல்போன் எடுக்காது. எங்களுக்குள் ஏதாவது புரியாமல் போனால் இரண்டு பேரும் வெளியே வந்து நிற்போம். தமயந்தி பின்வாசல் படியில் நின்றுகொண்டு அவருக்கு ஆங்கிலத்திலும் எனக்குத் தமிழிலும் கத்துவாள். போகப் போக அவளைக் கூப்பிடுவது குறைந்துவிட்டது. மடி, காம்பு, ரத்தம், பால் இதற்கெல்லாம் பாஷை எதற்கு?

ஏப்ரல் 14

சித்திரைக்கனி. ஒரு தட்டில் ஆப்பிளும் ஆரஞ்சும் என் தங்கச் சங்கிலியும் கண்ணாடியும் வைத்துக் கும்பிட்டேன். அந்தப் பையன் வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றான். மேலே கட்டம் போட்ட சட்டை, இடுப்பில் கைக்கடிகாரம் அளவு பித்தளை வைத்த பெல்ட், காலில் குதிரைக்காரன் பூட்ஸ். வேட்டியைப் பக்கம் மாற்றிப் போட்டிருந்தான்.

"அத்தே, சாப்டீங்களா?"

"எப்படீம்மா இருக்குது?" என்று தமயந்தி கேட்டாள்.

"குளிரும். உள்ள போகச் சொல்லு" என்றேன்.

வேட்டி கட்டிவிட்டால் ஆயிற்றா? கல்யாணத்துக்கும் அதே வேட்டியைத்தான் கட்டினானாம். இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துக்கொண்டே மாலை மாற்றினானாம். நான்தான் போகவில்லையே, எனக்கு எப்படித் தெரியும்?

ஏப்ரல் 17

முதல் ஈற்று ஆடு ஒன்று. கறுப்பு மூஞ்சி, நிமிர்ந்த கழுத்து, யாரையும் மதிக்காத பார்வை. வந்த நாளிலிருந்தே எனக்கு அதன் மேல் ஒரு கண். ராங்கி என்று பெயர் வைத்திருந்தேன். இன்று அதன் குட்டி செத்தே பிறந்தது. அது குட்டியை நக்கி நக்கி, எழுப்பிப் பார்த்து, தொண்டைக்குள் முனகிக்கொண்டே நின்றது.

அதே நேரம் பக்கத்துப் பட்டியில் ஒன்று மூன்று குட்டி போட்டது. தாய்க்கு இரண்டு காம்பு. மூன்றாவது குட்டி ஓரமாக நடுங்கிக்கொண்டு நின்றது.

சம்பந்தியம்மா செத்த குட்டியை எடுத்துப் போனார். கத்தியோடு வந்து, சட்டை கழற்றுகிற மாதிரி அதன் தோலை உரித்து, மூன்றாவது குட்டிக்கு மாட்டிவிட்டார். நாலு கால் ஓட்டையிலும் நாலு கால். தன் பிள்ளை வாசம் அடித்தால் ராங்கி பால் கொடுக்குமாம்.

நான் அசந்துவிட்டேன். எங்கள் ஊரில் கன்று செத்தால் தோலில் வைக்கோல் திணித்து மாட்டுக்கு முன்னால் வைத்துப் பால் கறப்போம். இதை இந்த அம்மாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? எங்களுடையது பொம்மை, இவர்களுடையது உயிரோடு நடக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏப்ரல் 18

ராங்கி ஏமாறவில்லை. பின்பக்கம் மோந்து பார்க்கிறது, ஒரு நிமிடம் யோசிக்கிறது, தலையை மோந்து பார்க்கிறது, ஒரே முட்டு. குட்டி சுவரில் போய் விழுகிறது. மறுபடி எழுந்து, அந்தப் பெரிய சட்டையை இழுத்துக்கொண்டு, மறுபடி போகிறது.

ராங்கி பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. எங்கிருந்தோ வந்த ஒன்று, மேலே ஒரு துணியைப் போட்டுக்கொண்டு வந்து நின்றால் உடனே சேர்த்துக்கொள்ள வேண்டுமா?

ஆனால் குட்டியைப் பார்க்கவும் முடியவில்லை. எத்தனை முட்டு வாங்கினாலும் கோபமே வராமல் போய் நிற்கிறது.

சம்பந்தியம்மா விரலைக் காட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு கையால் வெட்டுகிற மாதிரி காட்டினார். தமயந்தி படியில் இருந்து கத்தினாள்: "மூணு நாளைக்குள்ள சேக்கலைன்னா ராங்கியச் சந்தைக்கு அனுப்பீருவாங்களாம்மா! குட்டி சேக்காத ஆட்ட வெச்சுக்க மாட்டாங்க!"

"நான் சேத்துக் காட்டறேன்னு சொல்லு!"

ஏப்ரல் 19

சமையலறையில் உப்பு டப்பாவைக் காணோம் என்று சம்பந்தியம்மா தேடுகிறார். பாவம்.

ஏப்ரல் 21

குட்டியின் தலையில், சட்டைக்கு வெளியே தெரிந்த இடத்திலெல்லாம் உப்புத் தண்ணீர் தடவினேன். ராங்கி முட்ட வந்து, நாக்கில் உப்புப் பட்டு, ஒரு நக்கு நக்கியது. பிறகு முட்டியது. பிறகு இன்னொரு நக்கு. இரண்டு நாள் இப்படியே. கடைசியாக ஜிப்பைப் பட்டி ஓரமாக ஒரு நடை நடக்கவிட்டேன். நாயைக் கண்டதும் ராங்கி குட்டிக்கு முன்னால் வந்து நின்று தரையில் காலை உதைத்தது. அவ்வளவுதான். நாய் மேல் வந்த கோபத்தில் குட்டியைத் தன்னுடையது என்று காட்டிவிட்டது; அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள அதற்கும் தெரியவில்லை. குட்டி அடியில் புகுந்து பால் குடித்தது, வால் ஆடியது.

சம்பந்தியம்மா வந்து பார்த்தார். கத்தியை எடுத்துத் தோல் சட்டையை அறுத்து எடுத்துவிட்டார். இனி வேண்டாமாம். ராங்கி மோந்து பார்த்துவிட்டுச் சும்மா இருந்தது.

"குட்" என்றார். என்னையா ஆட்டையா என்று தெரியவில்லை. நான் எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 22

பக்கத்துப் பண்ணைக்காரர் வந்திருந்தார். பக்கம் என்றால் பன்னிரண்டு மைல். பட்டியில் ராங்கியைப் பார்த்து நாக்கால் ஒரு 'உச்', குட்டியைப் பார்த்து இன்னொரு 'உச்'. எனக்கு மனசே சரியில்லை. கண்ணிலேயே உருக்கிவிடுவார் போல.

மை இருந்தால் திருஷ்டிப் பொட்டு வைக்கலாம். வண்ண வாளியில் கறுப்பு இல்லை. நீலம் அடிபட்ட மாதிரி இருந்தது. சிவப்புதான் லட்சணம். ராங்கி நெற்றியில் எட்டணா அளவில் அழகாக ஒரு பொட்டு வைத்தேன். பார்க்க மாரியம்மன் மாதிரி இருந்தது.

வெயிலும் அடித்தது. எண் போடுவது நாளைக்குத்தான் என்றாலும், தாயும் பிள்ளையும் கொஞ்சம் காயட்டும் என்று நானே பெரிய பட்டிக்குத் திறந்துவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேவா செய்ய முடியும்?

ஏப்ரல் 23

காலையில் சம்பந்தியம்மா டவுனுக்குப் போயிருந்தார். நான் வெந்நீர் குடித்துவிட்டுப் போனபோது பெரிய லாரி ஒன்று கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. பட்டியில் அந்தக் குட்டி தனியாக நின்று கத்திக்கொண்டிருந்தது. ராங்கியைக் காணோம்.

குட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினேன். கொஞ்சம் தள்ளியே நின்று கத்தினேன்.

"அம்மிணி! ராங்கிய லாரியில ஏத்தீட்டுப் போயிட்டாங்க!"

"அது எப்படீம்மா? லாரிக்காரர் செவப்பு அடிச்சதத்தானே ஏத்துவாரு?"

"செவப்புன்னா?"

"நெத்தியில செவப்புன்னா சந்தைக்கும்மா. மடி கெட்டது, குட்டி சேக்காதது. அத்தை அடிச்சு வெப்பாங்க, லாரிக்காரரு எண் இல்லாம செவப்பு மட்டும் இருக்கறதப் பாத்துப் பிரிச்சு ஏத்திக்குவாரு."

நான் குட்டியை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

"ராங்கிக்கு யாரும்மா செவப்பு வெச்சது?"

"அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம். உன்ற புருசன மொதல்ல கூப்புடு!"

சந்தை ஐம்பது மைல். அங்கே மதியம் ஏலம். அவன் போன் போட்டுப் பார்த்தான், யாரும் எடுக்கவில்லை. வண்டியை எடுத்தான். நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன், மடியில் சால்வையில் சுற்றிய குட்டி. பனியும் சேறுமாக ரோடு. அந்தப் பையனோடு தனியாக ஒரு வண்டியில் உட்காருவது இதுதான் முதல் தடவை.

இருபது மைல்வரை குட்டி மட்டும்தான் பேசியது. பிறகு அவன் என்னைப் பார்த்து, நெற்றியைத் தொட்டு, கையை விரித்தான். ஏன் சிவப்பு என்று கேட்கிறான். பொய் சொல்லலாம் என்றால் அதற்கும் பாஷை வேண்டுமே. என் நெற்றிப் பொட்டைக் காட்டினேன். பிறகு என் விரலைக் காட்டினேன். சிவப்பு இன்னும் போகவில்லை. பிறகு அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர் மாதிரி இரண்டு 'உச்' கொட்டிக் காட்டினேன்.

ஒரு நிமிடம் யோசித்தான். பிறகு சிரித்தான் பாருங்கள், வண்டி ரோட்டை விட்டு இறங்கி ஏறியது. நானும் சிரித்துவிட்டேன். குட்டி என் சேலையை நனைத்துவிட்டது. அவன் டப்பாவிலிருந்து ஒரு பிஸ்கட் எடுத்து நீட்டினான்.

"அத்தே, சாப்டீங்களா?"

"இல்லீங்க" என்றேன். "நீங்க?"

இதற்குப் பதில் ஒன்று இருக்கும் என்று அவருக்கு இதுவரை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. வண்டியை மெதுவாக்கிவிட்டு என்னையே பார்த்தார். ரோட்டைப் பாருங்கள் என்று கையைக் காட்ட வேண்டியதாயிற்று.

சந்தையில் ஒரே பட்டியில் இருநூறு ஆடு, எல்லாப் பண்ணையும் கலந்து. எல்லாம் கறுப்பு மூஞ்சி, எல்லா நெற்றியிலும் சிவப்பு. என் மாரியம்மன் எங்கே? நெருக்கத்தில் பொட்டு எது, பூச்சு எது என்றே தெரியவில்லை. அவர் காதில் இருக்கும் வில்லை எண்ணைப் பார்க்க உள்ளே குதித்தார். ஆடுகள் மிரண்டு சுழன்றன. உள்ளே ஏலக்காரர் மணியடித்தார். அடுத்தது இந்தப் பட்டிதான்.

ராங்கியை ஏலத்தில் விட்டுவிட்டால் நான் எந்த முகத்தோடு அந்த பூட்ஸை மாட்டுவேன்?

குட்டியை வேலி மேல் தூக்கிப் பிடித்தேன். அது கத்தியது. இருநூறு ஆடும் காதை ஆட்டிவிட்டுச் சும்மா நின்றன. எந்தத் தாய்க்கும் அது பிள்ளை இல்லையே. இன்னொரு தடவை கத்தியது. கடைசி மூலையில் இருந்து கரகரவென்று ஒரு பதில். மற்ற ஆடுகளின் முதுகில் ஏறி, இடித்து, தள்ளி, ஒன்று வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்துத் தரையில் காலை உதைத்தது. அதன் பிள்ளையை நான் திருடிக்கொண்டேன் என்று நினைத்துவிட்டது. நெற்றியில் எட்டணாப் பொட்டு.

பெறாத பிள்ளைக்கு இப்படி வந்து நிற்கிறது.

கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. சந்தையில் தூசி அதிகம்.

ஏப்ரல் 24

சம்பந்தியம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. திட்டவில்லை. ஏலத்துக்கு முன்னால் நாங்கள் மீட்டு வந்த ராங்கியின் நெற்றியில் சிவப்பின் மேல் பச்சையைப் பூசினார். பச்சை என்றால் எப்போதும் இங்கேயே இருக்கும் ஆடு என்று அர்த்தமாம். சிவப்புக் கட்டியை மட்டும் எடுத்து, தனக்கு எட்டும், எனக்கு எட்டாத உயரத்தில் ஒரு பலகையில் வைத்தார். போகும்போது திரும்பி, "பாவா, கம்" என்றார்.

'சிட்' போய் 'கம்' வந்துவிட்டது. அத்தோடு அவர் சிரித்ததையும் பார்த்தேன். மேல்வரிசையில் ஒரு தங்கப்பல்.

மே 2

வேலை. ஐம்பத்திரண்டு குட்டி. எழுத நேரமில்லை.

மே 5

மட்டன் குழம்பு வைத்தேன். சொந்த ஆட்டை அவர்கள் இப்படிச் சாப்பிட்டதே இல்லையாம். மாப்பிள்ளைக்குக் காரத்தில் காது சிவந்துவிட்டது, ஆனாலும் மூன்று தடவை போட்டுக்கொண்டார். சம்பந்தியம்மா தட்டை ரொட்டியால் துடைத்துவிட்டு உப்பு டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தார். எப்போதிருந்து தெரியுமோ.

மே 16

பெண் குழந்தை. மூன்றரைக் கிலோ. கறுப்பு முடி, மாப்பிள்ளை நெற்றி, வாய் மட்டும் எங்கள் குடும்பம். தாயும் பிள்ளையும் நலம்.

மே 19

வீட்டுக்குக் கூட்டிவந்தோம். பன்னிரண்டு மைல் தள்ளி இருந்து 'உச்'சுக்காரர் பார்க்க வருகிறாராம். நான் முன்னாலேயே மையெடுத்துக் குழந்தையின் கன்னத்தில் ஒன்று, நெற்றியில் ஒன்று வைத்தேன். மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். தமயந்தியிடம் கேட்டுக் கேட்டு, வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, என்னிடம் வந்தார்.

"அத்தே, இந்தப் பொட்டுக்கு லாரி வராதே?"

சம்பந்தியம்மாவுக்குத் தமயந்தி மொழிபெயர்த்துச் சொன்னதும் அவரும் தங்கப்பல்லைக் காட்டினார். பிறகு எழுந்து போய்ப் பச்சைக் கட்டியைக் கொண்டுவந்து, குழந்தையைத் தொடாமல், என் பூட்ஸ் இரண்டின் மூக்கிலும் ஒவ்வொரு வட்டம் போட்டார்.

மே 25

எங்கள் வீட்டுக்காரர் ஊரிலிருந்து போன் செய்தார்.

"ஏம்புள்ள, இருவத்தெட்டு வந்துருவியல்ல? ஆடு மாடெல்லாம் உன்னயத் தேடுது."

"ஆடு மாடா, நீங்களா?"

"அதுக வாயில்லாத சீவன். அதுனால நான் கேக்கறேன்."

ஜன்னலில் பார்த்தேன். மாப்பிள்ளை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வேலியோரம் நிற்கிறார். ராங்கி தன் பிள்ளையோடு வந்து அதை மோந்து பார்க்கிறது. சம்பந்தியம்மா கொட்டகை வாசலில் நின்று எனக்குக் கையை ஆட்டுகிறார். தாமதமாக ஈனுகிற ஆடுகள் இன்னும் எழுபது இருக்கின்றன.

"எனக்குத் திடீர்னு மூட்டு வலிங்க" என்றேன். "விமானத்துல அவ்வளவு நேரம் உக்கார முடியாது போல."

போனில் அவர் இருமினார். நாற்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவர் சிரிப்பை இருமலில் மறைப்பது எனக்குத் தெரியாதா?

பூட்ஸ் போட வேண்டும். மீதியை நாளைக்கு எழுதுகிறேன், நேரம் இருந்தால்.